கையில் பிரதி, எதிரில் பார்வையாளர்: புதிய நாடகத்தைப் பொது வாசிப்பிலும் திறந்த ஒத்திகையிலும் செதுக்குவது எப்படி?

எழுதியவர் தன் நாடகத்தைத் தானே வாசித்துப் பார்த்தால் பிழையே தெரியாது. எந்த வரிக்குப் பின்னால் மௌனம், எந்தச் சொல்லில் கோபம் என்பதெல்லாம் அவர் மனத்தில் ஏற்கெனவே இருக்கிறது. தாளில் இல்லாததையும் சேர்த்தே வாசித்துவிடுவார். அதே பக்கத்தை இன்னொருவர் வாயால், முன்பின் தெரியாத 30 பேருக்கு நடுவில் உட்கார்ந்து கேட்கும்போதுதான் தாளில் இருப்பது எவ்வளவு, தலைக்குள் தங்கிவிட்டது எவ்வளவு என்று பிரிந்து தெரியும்.

கோலாலம்பூரில் ஒரு புதிய தமிழ் நாடகம் பெரும்பாலும் ஓரிரு காட்சிகளோடு முடிந்துவிடுகிறது. மண்டபத்துக்குக் கட்டிய வாடகை, உடை, ஒலி ஒளி எல்லாம் சேர்ந்த பிறகு, முதல் காட்சியன்று இரண்டாம் அங்கம் தொய்கிறது என்று தெரிந்து என்ன பயன்? அந்தக் கண்டுபிடிப்பை 3 மாதம் முன்னால், 100 வெள்ளி (ரிங்கிட்) செலவில் செய்துகொள்வதற்கான வழிதான் பொது வாசிப்பும் திறந்த ஒத்திகையும். முன்னதில் நடிகர்கள் உட்கார்ந்து பிரதியைப் பார்த்துப் பார்வையாளருக்கு வாசிப்பார்கள்; பின்னதில் ஒத்திகை நடக்கும்போதே பார்வையாளர் வந்து பார்ப்பார்கள். அமெரிக்காவின் கனெட்டிகட் மாநிலத்தில் 1964இல் தொடங்கப்பட்ட யூஜீன் ஓநீல் நாடக மையம் இந்த முறையைப் பல்லாண்டுகளாகப் பழகிவருகிறது. நாடக ஆசிரியர் ஆகஸ்ட் வில்சனின் நாடகம் ஒன்று 1982இல் அங்கே பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நடிக்கப்பட்டுத்தான் நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்குப் போகும் அளவுக்குத் தேறியது. அங்கே உள்ள வசதி நமக்குத் தேவையில்லை. நாற்காலியும் நல்ல காதும் போதும்.

நாள்காட்டி முதலில்

மேடையேறும் நாளிலிருந்து பின்னோக்கி 16 வாரம் எண்ணுங்கள். முதல் வாரம் மூடிய அறையில் வாசிப்பு. அடுத்த 3 வாரம் திருத்தம். 5ஆம் வாரம் பொது வாசிப்பு, பிறகு மீண்டும் 3 வாரம் திருத்தம். 9ஆம் வாரம் ஒத்திகை தொடங்கும். 11ஆம், 13ஆம் வாரங்களில் தலா ஒரு திறந்த ஒத்திகை. 14ஆம் வார முடிவில் பிரதி பூட்டப்படும். அதற்குப் பிறகு ஒரு வரிகூட மாறாது.

தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் முன்னும் பின்னும் 2 வாரம் விட்டுவிடுங்கள்; யாரும் வரமாட்டார்கள், வந்தாலும் மனம் கடைத்தெருவில் இருக்கும். ஆடி மாதத்தில் கல்யாணம் இல்லாததால் சிறு மண்டபங்கள் எளிதில் கிடைக்கும். பக்கத்தில் அம்மன் கோயில் இருந்தால் மட்டும் திருவிழாத் தேதியை விசாரித்துக்கொள்ளுங்கள். உருமி மேளத்தோடு எந்த நடிகரும் போட்டி போட முடியாது.

வாசிப்புக்கான பிரதி

நடிப்புக்கான பிரதி வேறு, வாசிப்புக்கான பிரதி வேறு. வாசிப்புப் பிரதியை ஏ4 தாளில், ஒரு பக்கம் மட்டும், 14 புள்ளி எழுத்தில், ஒன்றரை இடைவெளியில் அச்சிடுங்கள். பேசுபவர் பெயர் இடது ஓரத்தில் தடித்த எழுத்தில். ஒவ்வொரு 5 வரிக்கும் ஓரத்தில் வரி எண். கீழே பதிப்பு எண்ணும் தேதியும். வரி எண் எதற்கு என்று முதலில் தோன்றும். பிறகு “27ஆம் பக்கம் 15ஆவது வரி” என்று சொல்ல முடியாமல் “அந்த அக்கா அழுவாங்களே, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி” என்று அரைமணி நேரம் போகும்போது புரியும். ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு தாள் நிறம் வைத்தால், வெள்ளைக்கு நடுவே பழைய மஞ்சள் பக்கம் தெரியாமல் நுழைந்துவிடாது.

தாளைத் தைக்காதீர்கள். தனித்தனித் தாளாகக் கோப்புறையில் வைத்து, படித்த தாளை ஓசையில்லாமல் இடது பக்கம் நகர்த்தச் சொல்லுங்கள். ஒலிவாங்கிக்கு முன்னால் ஒரு தாளைப் புரட்டும் சத்தம் மழைபோலக் கேட்கும். 60 பக்கம், 8 பிரதி என்றால் 480 தாள்; நகலெடுக்க ஒரு பக்கத்துக்கு 10 சென் என்று வைத்தால் 48 வெள்ளி. இந்த முறையில் பெரிய செலவென்று சொன்னால் இதுதான்.

நேரத்தைப் பக்கக் கணக்கில் ஊகிக்காதீர்கள். நீண்ட வசனம் உள்ள 2 பக்கம், வெட்டி வெட்டிப் பேசும் 2 பக்கம், மேடைக் குறிப்பு மிகுந்த ஒரு பக்கம் என 5 பக்கத்தைச் சத்தமாக வாசித்துக் கடிகாரம் பாருங்கள். அந்தச் சராசரியை மொத்தப் பக்கத்தால் பெருக்கினால் அனேகமாகச் சரியாக வரும். வாசிப்பு 90 நிமிடத்தைத் தாண்டினால் அதன் பிறகு வரும் கருத்தெல்லாம் களைப்பின் கருத்து.

கோப்பை அனுப்பும்போது பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த பழைய பிரதி இன்னொருவர் கைப்பேசியில் திறந்தால் புரியாத குறிகளாகத்தான் வரும். நடிகர் அதை வாசிப்பு நாளன்று காலையில்தான் திறந்து பார்ப்பார்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. வீட்டில் அழகாகத் தமிழ் பேசி, பள்ளியில் தமிழ் படிக்காத இளம் நடிகர்கள் இங்கே நிறைய. அவர்களிடம் தமிழ் எழுத்துப் பிரதியைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டி வாசிப்பார்கள். அந்தத் தடுமாற்றத்தை நாடகத்தின் தொய்வு என்று கேட்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு ரோமன் எழுத்தில் ஒரு பிரதி வேண்டும். மென்பொருளில் போட்டு எடுத்தால் புள்ளியும் கோடுமாக ஆய்வுக் கட்டுரைபோல வரும். வாட்ஸ்அப்பில் நண்பருக்கு எழுதுவதுபோல ஒருவர் உட்கார்ந்து கையால் அடிக்க வேண்டும். 60 பக்கத்துக்கு இரண்டு நாள் ஆகும். பக்க எண்ணும் வரி எண்ணும் தமிழ்ப் பிரதியோடு ஒத்துப்போக வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளைகளின் பேச்சுத் தமிழ்தான் நம் மேடைக்குத் தேவையான தமிழ்.

மேடைக் குறிப்புகளில் பாதியை அடித்துவிடுங்கள். அளவுகோல் ஒன்றே: இதை வாசிக்காவிட்டால் கேட்பவர் கதையைத் தவறாகப் புரிந்துகொள்வாரா? “அவர் கதவைப் பூட்டுகிறார்” இருக்கட்டும். “கண்களில் ஏக்கம் ததும்ப” வேண்டாம்.

மூடிய வாசிப்பு

யாராவது ஒருவர் வீட்டு வரவேற்பறை போதும். 8 பேர்: வாசிக்க 6 பேர், மேடைக் குறிப்பு வாசிக்க ஒருவர், நாடக ஆசிரியர். ஆசிரியர் எந்தப் பாத்திரத்தையும் வாசிக்கக்கூடாது, விளக்கம் சொல்லக்கூடாது, யாரையும் நிறுத்தக்கூடாது. பென்சில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். நாக்கு தடுக்கிய வரிக்கெல்லாம் ஒரு கோடு. ஒரே வரியில் இரண்டு பேர் தடுமாறினால் அது நடிகர் குறையல்ல, வாக்கியத்தின் குறை. ஒவ்வொரு காட்சிக்கும் எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள்.

இங்கே முதலில் வெளிப்படுவது பெரும்பாலும் மொழிதான். தாளில் கம்பீரமாக இருக்கும் எழுத்துத் தமிழ், வாயில் வந்ததும் மேடைப்பேச்சாகிவிடும். இப்படி ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். செந்தூல் அடுக்குமாடி வீடு. அப்பா இறந்து 40 நாள். தம்பி ஜொகூரிலிருந்து வருகிறான். முதல் பதிப்பில் அக்கா சொல்கிறாள்:

“நீ இந்த வீட்டை விற்பதற்காகத்தான் வந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.”

செய்தி முழுவதும் வந்துவிட்டது. ஆனால் வாசித்துக் கேட்டால் அறையில் எதுவும் நடப்பதில்லை. அடுத்து என்ன என்று கேட்க யாருக்கும் ஆவல் இல்லை. திருத்திய பதிப்பு:

“சாப்பிட்டியா?”
“வழியிலயே சாப்டுட்டேன்க்கா.”
“அப்ப கிராண்டோடதான் வந்திருக்க.”

மூன்று வரி. வீட்டுப் பத்திரத்தைக் ‘கிராண்டு’ என்று சொல்லும் குடும்பம் எது என்று கேட்பவருக்குத் தெரியும். அக்கா கையால் சாப்பிடாமல் வந்த தம்பி என்ன நினைப்போடு வந்திருப்பான் என்பதும் தெரியும். விற்பனை என்ற சொல்லே வரவில்லை. இந்த மாற்றத்தை எழுதுமேசையில் செய்வது கடினம். முதல் வரி இன்னொருவர் வாயில் கட்டையாக விழுவதைக் கேட்டவருக்கு அது தானாக வரும்.

இடம், இருக்கை, ஓசை

பெரிய அரங்கம் வேண்டாம். 40 பேர் உட்காரும் அறையில் 35 பேர் இருந்தால் சிரிப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும். 500 இருக்கையில் அதே 35 பேர் உட்கார்ந்தால் சிரிக்கவே கூச்சப்படுவார்கள், அதைப் பார்த்து நல்ல நகைச்சுவைக் காட்சியை ஆசிரியர் வெட்டி எறிவார். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஏதாவது சங்கத்தின் கூட்ட அறை, தமிழ்ப்பள்ளி நூலகம், வாடகைக்குக் கிடைக்கும் நடனப் பயிற்சி அறை இவையெல்லாம் பொருத்தம். செந்தூலின் பழைய ரயில்வேக் கட்டடத்தில் 2005 முதல் இயங்கும் கேஎல்பேக் போன்ற நாடக வளாகங்களிலும் சிறிய அறைகள் உண்டு. கோயில் பல்நோக்கு மண்டபம் மலிவு. ஆனால் சாதி, மதம், குடி பற்றிய நாடகமானால் நிர்வாகக் குழுவிடம் பிரதியை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். பாதியில் விளக்கணைத்தால் அவர்கள்மேல் குற்றமில்லை.

அறையை முன்னதாகப் போய்ப் பாருங்கள், நிகழ்ச்சி நடக்கும் அதே நேரத்தில். துத்தநாகக் கூரையானால் மாலை 4 மணிக்கு மேல் பெய்யும் மழையில் ஒரு சொல் கேட்காது. பிற்பகல் வாசிப்பை 2 மணிக்கே தொடங்கிவிடுங்கள். பக்கத்தில் பள்ளிவாசல் இருந்தால் இஷா தொழுகை அழைப்பு ஏறக்குறைய 8.05க்கும் 8.45க்கும் இடையில் வரும். அன்றைய நேரத்தைப் பார்த்து, அழைப்பு முடிந்த பிறகு தொடங்குங்கள். வார நாளில் 8.45க்கு முன்னால் எப்படியும் கூட்டம் சேராது, சாலை நெரிசல் விடாது. ரயிலில் வருபவர்களை நினைத்து 11 மணிக்குள் முடியுங்கள். அப்படியானால் வார நாளில் 75 நிமிட வாசிப்புதான் தாங்கும். அதைவிட நீளமானதை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள்.

வாசிப்பவர்களை அரைவட்டத்தில் உட்காரவையுங்கள், ஆளுக்கொரு இசைத்தாள் தாங்கி. அது இல்லையென்றால் மடியில் கோப்புறையை வைப்பார்கள், தலை கவிழும், குரல் தரைக்குப் போகும். ஒன்றோடொன்று மோதும் பாத்திரங்களை அரைவட்டத்தின் இரு முனைகளில் வையுங்கள். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களால் கண்ணோடு கண் பார்த்துச் சண்டை போட முடியாது. மேடைக் குறிப்பு வாசிப்பவர் வட்டத்துக்கு வெளியே, ஓரமாக. அவர் குரல் தட்டையாக இருக்கட்டும். அவர் நடிக்கத் தொடங்கினால் நாடகத்தில் இல்லாத ஒரு பாத்திரம் முளைத்துவிடும். ஒருவர் இரண்டு பாத்திரம் வாசிக்கலாம். அந்த இரண்டும் ஒரே காட்சியில் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு மூடியுள்ள போத்தல்.

விளக்கு விஷயத்தில் பலர் தவறு செய்கிறார்கள். பார்வையாளர் பக்கம் முழு இருட்டு கூடாது. அவர்கள் முகம் தெரியாவிட்டால் வாசிப்பு நடத்தியதே வீண்.

வாசிப்புக்கு ஒத்திகை உண்டு, ஒன்றே ஒன்று, 4 மணி நேரம். அதற்குமேல் ஒத்திகை பார்த்தால் நடிகர்கள் பிரதியின் ஓட்டைகளைத் தங்கள் திறமையால் அடைத்துவிடுவார்கள். வேண்டியது பெயர்களைச் சரியாக உச்சரிப்பது, வேகம், யாரோடு பேசுகிறோம் என்ற தெளிவு. எச்சரிக்கையாகக் கவனிக்க வேண்டியது வானொலிக் குரல். அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் தமிழ் வானொலி நாடகங்களைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. அந்த வானொலி மின்னல் எஃப்எம் ஆன பிறகும் அந்தக் காது மாறவில்லை. அதனால் கண்ணை மூடிக் கேட்கத் தெரிந்த பார்வையாளர்கள் நமக்கு வாய்த்திருக்கிறார்கள், அது பெரிய சொத்து. கூடவே, தாளைக் கையில் எடுத்ததும் குரலை நடுங்கவிட்டு, பெருமூச்சு விட்டு, ஒவ்வொரு வரியையும் கண்ணீரில் முக்கி எடுக்கும் பழக்கமும் வந்திருக்கிறது. “எதிரில் இருப்பவரிடம் சொல்லுங்க, சபையிடம் வேண்டாம்” என்று ஒரு தடவை சொன்னால் பெரும்பாலும் இறங்கிவிடும்.

யாரைக் கூப்பிடுவது? 35 பேரில் நடிகர்களின் சொந்தக்காரர்கள் 10 பேருக்குமேல் வேண்டாம். அவர்கள் அன்பால் கேட்பார்கள், அன்பு எல்லாவற்றையும் மன்னித்துவிடும். நாடகத்துக்கே வராதவர்கள் 10 பேர், கதை நடக்கும் உலகத்தைச் சேர்ந்தவர்கள் 10 பேர், மற்ற நாடகக்காரர்கள் 5 பேர். ரப்பர்த் தோட்டம் மூடப்பட்ட கதையானால் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள் முன்வரிசையில் இருக்க வேண்டும். பாதுகாவலர் கதையானால் அவர்களின் 12 மணி நேர வேலை முறையைப் பார்த்துத்தான் தேதி குறிக்க வேண்டும். ஞாயிறு மாலை எல்லாருக்கும் ஓய்வு என்பது அலுவலகக்காரர் நினைப்பு.

சிறப்பு விருந்தினர் வேண்டவே வேண்டாம். டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் வந்தால் காத்திருக்க வேண்டும், குத்துவிளக்கு வேண்டும், பொன்னாடை வேண்டும், அவர் பாராட்டிப் பேசிய பிறகு 19 வயதுப் பெண் எழுந்து “எனக்கு ரெண்டாவது காட்சி புரியல” என்று சொல்லவே மாட்டாள்.

பார்வையாளரைப் பார்ப்பவர்கள்

இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பலர் விட்டுவிடுவதும் இதைத்தான். மக்கள் வாயால் சொல்வதைவிட உடம்பால் சொல்வது நம்பகமானது. மூன்று கவனிப்பாளர்களை வலது ஓரம், இடது ஓரம், கடைசி வரிசை என உட்காரவையுங்கள். ஆளுக்கொரு பிரதி. அவர்கள் நாடகத்தைப் பார்க்கக்கூடாது, பார்ப்பவர்களைப் பார்க்க வேண்டும். ஓரத்தில் குறி மட்டும்: சிரிப்புக்கு ‘சி’, நாற்காலி நகர்த்தல், இருமல், நெளிதலுக்கு ‘நெ’, கைப்பேசி வெளிச்சத்துக்கு ‘கை’, எல்லாரும் அசையாமல் இருந்த இடத்துக்கு ஒரு நேர்கோடு. பக்கத்திலிருப்பவரிடம் கிசுகிசுத்தால் ‘கி’.

இந்தக் ‘கி’ தங்கம். இரண்டு அம்மாக்கள் “இது யாரு, மூத்த மருமகளா?” என்று கேட்டுக்கொண்டால், அந்தப் பாத்திரம் நுழைந்தபோது உறவுமுறையைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். தமிழில் அதைச் சரிசெய்ய விளக்கம் தேவையில்லை. “அண்ணி” என்று யாராவது ஒருமுறை கூப்பிட்டால் முடிந்தது.

மறுநாள் காலையிலேயே மூன்று பிரதியின் குறிகளையும் ஒரே தாய்ப் பிரதியில் மூன்று நிற மையால் ஏற்றுங்கள். ஒருவர் மட்டும் குறித்த நெளிவைக் கண்டுகொள்ள வேண்டாம். மூவரும் குறித்திருந்தால் அங்கே பிரச்சினை இருக்கிறது. கழிப்பறைக்கு எழுந்து போனவர்கள் எந்தப் பக்கத்தில் போனார்கள் என்பதையும் பாருங்கள். அடக்கிக்கொண்டு உட்காரவைத்த காட்சிக்கும் நழுவவிட்ட காட்சிக்கும் வித்தியாசம் இருக்கிறது.

கலந்துரையாடல்

வாசிப்பு முடிந்ததும் தேநீர் கொடுக்காதீர்கள். வடையோடு பேச்சும் தீர்ந்து ஆட்கள் கலைந்துவிடுவார்கள். 5 நிமிட இடைவெளி, பிறகு 25 நிமிடப் பேச்சு, அதற்குப் பிறகு தேநீர்.

நெறியாளர் நாடக ஆசிரியராகவோ இயக்குநராகவோ இருக்கக்கூடாது. அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் வகுத்த நான்கு படி முறை உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது: முதலில் எது மனத்தில் தங்கியது என்று பார்வையாளர் சொல்வது, அடுத்து படைப்பாளி கேட்பது, மூன்றாவதாகப் பார்வையாளர் தம் கருத்தை உள்ளே திணிக்காத, சாய்வில்லாத கேள்வி கேட்பது, கடைசியில் படைப்பாளி சம்மதித்தால் மட்டும் கருத்துச் சொல்வது. நம் சபையில் இதை அப்படியே வைத்தால் ஒரு சிக்கல் வரும். பெரியவர்கள் முதலில் பேசுவார்கள், சிறியவர்கள் தலையாட்டுவார்கள். அதனால் முதல் 3 நிமிடம் பக்கத்திலிருப்பவரோடு மட்டும் பேசச் சொல்லுங்கள். அடுத்த 4 நிமிடம் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். தமிழோ மலாயோ ஆங்கிலமோ எதுவானாலும் சரி, எழுதத் தயங்குபவர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பட்டும். பெயர் வேண்டாம். அட்டைகளை வாங்கிய பிறகே வாய்திறந்த பேச்சு.

அட்டையில் மூன்று கேள்வி போதும். எந்தக் காட்சி இப்போது கண்முன் நிற்கிறது? எந்த இடத்தில் மனம் வேறெங்கோ போனது? இந்தக் கதையில் யார் என்ன விரும்புகிறார், ஒரே வரியில் எழுதுங்கள். மூன்றாவது கேள்விக்கு 35 அட்டையில் 20 வெவ்வேறு பதில் வந்தால், உங்கள் நாயகனுக்கு ஆசையே எழுதப்படவில்லை. “பிடித்திருந்ததா?” என்று கேட்காதீர்கள். “ரொம்ப நல்லா இருந்துச்சு” என்ற பதிலை வைத்துக்கொண்டு ஒரு கமாவைக்கூடத் திருத்த முடியாது.

எல்லாக் கூட்டத்திலும் மூன்று பேர் வருவார்கள். ஒருவர் உச்சரிப்பும் இலக்கணமும் திருத்துவார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கும், நேரம் இருக்காது. அவருக்குத் தனியாக ஒரு பிரதியையும் சிவப்புப் பேனாவையும் கொடுத்துவிட்டால் மகிழ்வார். இன்னொருவர் தன் கதையைச் சொல்லத் தொடங்குவார். மூன்றாமவர் சமுதாயத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றுவார். நெறியாளர் வெட்டவும் கூடாது, விடவும் கூடாது: “ஐயா, நீங்க சொன்னத எழுதிக்கிட்டேன். எந்தக் காட்சி கேட்கும்போது அப்படித் தோணுச்சு?” பேச்சு நாடகத்துக்குத் திரும்பிவிடும்.

ஆசிரியர் இந்த 25 நிமிடமும் விளக்கம் சொல்லக்கூடாது. “அது ஏன்னா...” என்று தொடங்கிவிட்டால் மக்கள் உடனே “ஓ, இப்பப் புரியுது” என்று மரியாதைக்குச் சொல்வார்கள். மேடையேறும் நாளில் அந்த விளக்கத்தைச் சொல்ல அவர் ஒவ்வொரு நாற்காலியாகப் போக முடியாது.

திருத்தம்

இரண்டு நாள் பிரதியைத் தொடாதீர்கள். பிறகு வந்த குறிப்புகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: வாசிப்பின் குறை (நடிகர் மெதுவாக வாசித்தார், காற்றாடிச் சத்தம்), பிரதியின் குறை, தனிப்பட்ட விருப்பம் (“கடைசில கல்யாணம் ஆகியிருக்கலாம்”). முதல் குவியலையும் மூன்றாவதையும் உறையில் போட்டு மூடுங்கள்.

இரண்டாம் குவியலில் ஓர் உண்மை திரும்பத் திரும்பத் தென்படும். மக்கள் காட்டும் இடம் ஒன்று, நோய் இருக்கும் இடம் வேறு. 34ஆம் பக்கத்தில் சலிப்பு என்றால் 34ஆம் பக்கத்தைச் சுருக்கத் தோன்றும். ஆனால் அங்கே தம்பி அழும்போது யாருக்கும் உறுத்தவில்லை என்றால், 11ஆம் பக்கத்தில் அவனுக்கும் அப்பாவுக்கும் இருந்த பாசத்தை நாம் பார்க்கவே இல்லை என்பதுதான் காரணம். பின்னோக்கிப் போய்த் தேடுங்கள். மருந்து பெரும்பாலும் 10, 20 பக்கம் முன்னால்தான் இருக்கும்.

வரிசை: முதலில் வெட்டு, பிறகு இடம் மாற்று, கடைசியாகச் சேர். இதைத் தலைகீழாகச் செய்பவர்களின் நாடகம் ஒவ்வொரு வாசிப்புக்கும் 10 நிமிடம் நீளும்.

திறந்த ஒத்திகை

பெயர் ஒத்திகை என்றாலும் இது வேறு வேலை. வாசிப்பு சொல்லைச் சோதிக்கிறது. திறந்த ஒத்திகை உடம்பை, இடத்தை, மௌனத்தைச் சோதிக்கிறது. முழு நாடகத்தையும் ஓட்டிக்காட்டாதீர்கள், அது அரைகுறைக் காட்சியாகிவிடும். இரண்டு காட்சிகளை எடுங்கள், 12 முதல் 20 பேரை அழையுங்கள், மூன்று பக்கமும் உட்காரவையுங்கள். மொத்தம் 90 நிமிடம்: இயக்குநர் எந்தப் பிரச்சினையோடு மல்லுக்கட்டுகிறார் என்று 10 நிமிடம், வேலை 50 நிமிடம், பேச்சு 30 நிமிடம்.

வாசிப்பில் எத்தனை முறை கேட்டாலும் தெரியாத சில விஷயங்கள் இங்கே தெரியும். அந்த அக்கா–தம்பிக் காட்சியில், “சாப்பிட்டியா” என்று கேட்கும்போது அக்கா கையில் தட்டு இருக்கிறதா, இல்லையா? தட்டோடு ஒருமுறை, வெறுங்கையோடு ஒருமுறை அதே மூன்று வரியை நடித்துக் காட்டுங்கள். தட்டோடு நின்றால் அவள் எதிர்பார்த்து ஏமாந்தவள். வெறுங்கையோடு நின்றால் அவள் முன்பே முடிவுகட்டியவள். “எது நல்லா இருக்கு?” என்று வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். “ரெண்டாவது தடவை அந்த அக்காவைப் பத்தி என்ன நினைச்சீங்க?” என்று கேளுங்கள். எது நாடகத்துக்கு வேண்டும் என்பதை இயக்குநரும் ஆசிரியரும் பிறகு முடிவுசெய்வார்கள்.

எந்த ஒத்திகையைத் திறக்கக்கூடாது என்பதும் முக்கியம். முதல் இரண்டு வாரம் வேண்டாம், நடிகருக்கு இன்னும் காலே ஊன்றவில்லை. அடிதடி, நெருக்கம், துக்கம் உள்ள காட்சியை அந்த நடிகர் தனியாகச் சம்மதம் சொன்னாலொழிய வேண்டாம். எல்லார் முன்னிலையிலும் சம்மதமா என்று கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். இயக்குநர் நடிகரைத் திட்டும் பழக்கமுள்ளவரானால் அவரோடு முன்பே பேசிவிடுங்கள். பார்வையாளர் முன்னால் வாங்கிய ஏச்சை ஒரு நடிகர் கடைசிக் காட்சிவரை சுமப்பார்.

வழக்கமாக நேரும் கெடுதல் கைதட்டலுக்கு நடிப்பது. ஒரு வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டால் மறுநாள் ஒத்திகையில் நடிகர் அந்த வரிக்கு முன்னால் நிறுத்தி, புருவம் தூக்கி, சிரிப்புக்குக் காத்திருப்பார். திறந்த ஒத்திகைக்கு அடுத்த ஒத்திகையை மூடிய கதவுக்குள், அதே காட்சியோடு, வேகமாக ஓட்டுங்கள். ஒட்டியது உதிர்ந்துவிடும்.

உரிமையும் உரிமமும்

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதி வைத்த நிமிடத்திலிருந்தே படைப்புக்குப் பாதுகாப்பு உண்டு, பதிவு கட்டாயமில்லை. விரும்பினால் மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில் தன்னார்வ அறிவிப்புச் செய்துகொள்ளலாம். அதைவிடத் தலைவலி தருவது உள்ளே இருப்பவர்களோடுதான். ஒத்திகையில் நடிகர் சொன்ன வரி பிரதியில் ஏறினால் அது யாருடையது? முதல் நாளே ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள்: யோசனைகளும் வரிகளும் ஆசிரியரின் பிரதியில் சேரும், பங்களித்தவர் பெயர் நன்றியில் வரும், கூட்டாக உருவாக்கும் நாடகமானால் பங்கு இன்னது. வாய்ப்பேச்சில் விட்ட நட்புகள் வெற்றி பெற்ற நாடகத்துக்குப் பிறகுதான் உடையும். பார்வையாளர் படம் பிடிக்கக்கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். நீங்கள் ஒலிப்பதிவு செய்வதாக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

கோலாலம்பூரில் பொது நிகழ்ச்சிகள் 1992ஆம் ஆண்டுக் கூட்டரசுப் பிரதேசக் கேளிக்கைச் சட்டத்தின் கீழ் வருகின்றன; உரிமம் டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர மன்றம்) தருவது. விளம்பரம் செய்து, கட்டணம் வாங்கி நடத்தும் வாசிப்பை “வெறும் வாசிப்புதானே” என்று நினைக்காமல், இடம் தருபவரிடம் உரிமம் பற்றி முன்பே பேசிவிடுங்கள். பினாங்கிலும் சிலாங்கூரிலும் சட்டமும் அலுவலகமும் வேறு. வெளிநாட்டுக் கலைஞர் இருந்தால், அவர்களின் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி தரும் அரசுக் குழுவான புஸ்பாலின் அனுமதியும் வேண்டும். மேடையேற்ற உரிமத்துக்குப் பிரதியைக் கொடுக்க வேண்டியிருந்தால், பொது வாசிப்புக்குப் பிந்தைய 8ஆம் வாரப் பதிப்பைக் கொடுங்கள். அதற்கு முந்தையதைக் கொடுத்தால், கொடுத்தது ஒன்று, மேடையில் ஏறுவது வேறு என்றாகிவிடும். அதற்குப் பிறகு திறந்த ஒத்திகையில் மாறுவது அசைவும் மௌனமும் சில சொற்களுமாக இருக்க வேண்டும், புதுக் காட்சியாக இருக்கக்கூடாது.

14ஆம் வார முடிவில் பிரதியைப் பூட்டும்போது, பழைய மஞ்சள், நீலத் தாள்களையெல்லாம் நடிகர்களிடமிருந்து திரும்ப வாங்கிவிடுங்கள். மனப்பாடம் செய்த பழைய வரி பதற்றத்தில் திரும்பி வரும். அந்தத் தாளும் பையில் இருந்தால் கண்டிப்பாக வரும். குறிகளேறிய தாய்ப் பிரதியை மட்டும் பத்திரமாக வையுங்கள். முதல் காட்சியன்று அதே மூன்று கவனிப்பாளர்களிடமும் ஆளுக்கொரு வெள்ளைப் பிரதியைக் கொடுத்து அதே ஓரங்களில் உட்காரவைத்தால், எந்த நெளிவு போயிற்று, எது இன்னும் இருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.